முதுகைப் படிக்கும் கதிரை

“கூனாமல் நிமிர்ந்து இரு மகள்!”

பரீட்சைக் காலத்தில் இந்தக் குரல் கேட்காத வீடுகள் நம்மிடையே குறைவு. கேட்டவுடன் நாமும் நிமிர்வோம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தலை புத்தகத்தை நோக்கிச் சரிந்திருக்கும். முதுகு மீண்டும் வில்லாக வளைந்திருக்கும். உம்மா எந்நேரமும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையைக் கதிரையே செய்தால் என்ன? இந்த எண்ணத்தின் விளைவே ‘ஸ்மார்ட் கதிரை’ எனப்படும் திறன்மிகு கதிரையாகும். அது எவ்வாறு இயங்குகிறது, எவ்வளவு பயன் தருகிறது, அது இல்லாத நாம் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

முள்ளந்தண்டும் அமர்வும்

நமது முள்ளந்தண்டின் அசையக்கூடிய பகுதியில் 24 முள்ளென்புகள் உள்ளன. கழுத்தில் 7, நெஞ்சறைப் பகுதியில் 12, நாரிப் பகுதியில் 5. பக்கத்திலிருந்து பார்த்தால் இது நேர்கோடு அன்று. கழுத்திலும் நாரியிலும் முன்னோக்கியும் நெஞ்சறைப் பகுதியில் பின்னோக்கியும் மெதுவாக வளைந்திருக்கும். இந்த வளைவுகளே உடலின் சுமையைப் பகிர்ந்து தாங்குகின்றன. என்புகளுக்கிடையே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் உள்ளன. வளர்ந்தவர்களின் இடைத்தட்டுகளுக்கு நேரடிக் குருதி விநியோகம் மிகக் குறைவு. அருகிலுள்ள என்புகளிலிருந்து ஊறிவரும் போசணையிலேயே அவை பெரிதும் தங்கியுள்ளன. நாம் அசையும்போது தட்டுகள் அமுங்கியும் விரிந்தும் அந்தப் பரிமாற்றத்துக்குத் துணை செய்கின்றன. அசையாமல் இருப்பது அவற்றுக்கு நல்லதல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதிரையில் அமரும்போது இடுப்பென்பு சற்றுப் பின்னோக்கிச் சாய்கிறது. அதனால் நாரியின் இயல்பான வளைவு தட்டையாகிறது. மேசையை நோக்கிக் குனிந்தால் தலையின் நிறையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வாளித் தண்ணீரை உடலோடு ஒட்டித் தூக்கிச் செல்வது இலகு. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்தால் சில விநாடிகளில் தோள் வலிக்கும். வாளியின் நிறை மாறவில்லை, தூரம்தான் மாறியது. விஞ்ஞான பாடத்தில் நாம் படிக்கும் விசையின் திருப்பம் இதுவேயாகும். நியூயோர்க்கைச் சேர்ந்த முள்ளந்தண்டு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணினி மாதிரியின்படி, நிமிர்ந்திருக்கும்போது சுமார் 5 கிலோகிராமாக இருக்கும் தலையின் சுமை, 30 பாகை குனியும்போது கழுத்துக்கு ஏறத்தாழ 18 கிலோகிராமாகவும், 60 பாகையில் ஏறத்தாழ 27 கிலோகிராமாகவும் மாறுகிறது. கைத்தொலைபேசியை மடியில் வைத்துப் பார்க்கும் நமது கழுத்து தாங்குவது இத்தகைய சுமையையே.

அப்படியானால் விறைப்பாக நிமிர்ந்தே இருந்துவிட்டால் போதுமா? 1999இல் ஜேர்மனியைச் சேர்ந்த வில்கே என்பவரும் அவரது குழுவினரும் தாமாக முன்வந்த ஒருவரின் நாரிப் பகுதி இடைத்தட்டினுள் நுண்ணிய உணரியைச் செலுத்தி அமுக்கத்தை அளந்தனர். தளர்வாக அமர்ந்தபோது அது 0.46 மெகா பஸ்காலாக இருந்தது. முதுகை வலிந்து நிமிர்த்தியபோது 0.55 ஆகக் கூடியது. நன்கு முன்னே குனிந்தபோது 0.83 ஆனது. அளந்தது ஒரே ஒருவரில் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும் குனிதல் சுமையைக் கூட்டும் என்பதோடு, விறைப்பான நிமிர்வும் ஓய்வல்ல என்பதை இந்த அளவீடு காட்டுகிறது.

கதிரை எவ்வாறு அறிகிறது?

ஐக்கிய அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியை ஹொங் டானும் அவரது சகாக்களும் சாதாரண அலுவலகக் கதிரை ஒன்றின் இருக்கையிலும் முதுகுத்தாங்கியிலும் மெல்லிய உணரி விரிப்புகளைப் பொருத்தினர். ஒவ்வொரு விரிப்பிலும் 42 வரிசை, 48 நிரல் என 2016 உணரிப் புள்ளிகள். இரண்டிலும் சேர்த்து 4032. ஒவ்வொரு புள்ளியும் தன்மீது விழும் அமுக்கத்தை ஓர் எண்ணாகக் கணினிக்கு அனுப்பும்.

எளிய வகைக் கதிரைகளில் இதற்கு விசைக்கேற்ப மாறும் தடையிகள் பயன்படுகின்றன. அழுத்தும்போது இவற்றின் மின்தடை குறையும். ஓமின் விதிப்படி, அழுத்த வேறுபாடு மாறாதிருக்கத் தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். அந்த மாற்றத்தை அளந்தால் எவ்விடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த எண்களைக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போல் வரையலாம். அமுக்கம் கூடிய இடம் வெளிச்சமாகவும் குறைந்த இடம் இருளாகவும் தோன்றும். நேராக அமர்ந்தால் இடுப்பென்பின் அடியிலுள்ள இரு முனைகளும் இரண்டு வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்புள்ளி பெருக்கும். முன்னால் சரிந்தால் முதுகுத்தாங்கியின் படம் இருண்டுவிடும். கால்மேல் கால் போட்டால் படம் இன்னொரு வடிவம் எடுக்கும். படமாகிவிட்ட பின் முகங்களை அடையாளம் காணக் கணினி கையாளும் அதே முறையால் அமர்வு நிலைகளையும் இனங்காணலாம் என்பதே டான் குழுவினரின் சிறந்த யோசனையாகும்.

2001இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, முன்னரே பழக்கப்பட்டவர்களின் அமர்வு நிலையைக் கதிரை 96 சதவீதம் சரியாகச் சொன்னது. புதியவர்கள் அமர்ந்தபோது அது 79 சதவீதமாகக் குறைந்தது. நம் ஒவ்வொருவரின் உடலமைப்பும் வேறு என்பதைக் கதிரையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது!

ஆனால் ஆயிரக்கணக்கான உணரிகள் என்றால் விலை எட்டாது. 2007இல் பில்ஜ் முட்லு முதலிய ஆய்வாளர்கள் உணரிகளை எவ்விடங்களில் வைத்தால் அதிக தகவல் கிடைக்கும் என்று கணித்து, வெறும் 19 உணரிகளைக் கொண்டு 78 சதவீதம் சரியாக அமர்வு நிலையைக் கண்டறிந்தனர். பொருள்களைக் கூட்டாமல் சிந்தனையைக் கூட்டிப் பெற்ற வெற்றி இது.

அறிந்த பின் என்ன செய்கிறது?

அமர்வு நிலையை அறிந்த கதிரை பல வழிகளில் அதனை உணர்த்தலாம். கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பலாம். சிறு திரையில் படம் காட்டலாம். இருக்கையின் அடியில் மெல்ல அதிரலாம். இன்னும் சில மாதிரிகளில் முதுகுத்தாங்கியினுள் உள்ள காற்றுப்பைகள் ஊதி நாரியை முன்னே தள்ளும். அல்லது சிறு மோட்டர் தாங்கியின் சாய்வை மாற்றும். முன்னையவை நமக்கு நினைவூட்டுகின்றன. பின்னையவை நமக்காகவே வேலை செய்கின்றன.

நினைவூட்டினால் நாம் திருந்துவோமா? நெதர்லாந்தில் 45 அலுவலக ஊழியர்களை 12 வாரங்கள் இத்தகைய கதிரைகளில் அமரவைத்து ஆராய்ந்தனர். 2017இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. கதிரை அவர்கள் அமரும் விதத்தைக் கண்காணிப்பதில் வெற்றி பெற்றது. ஆனால் அதன் சமிக்ஞையால் ஏற்பட்ட மாற்றங்கள் மிகச் சிறியவை. சமிக்ஞையை நிறுத்திய பின் அமரும் நேரம் சுமார் 10 நிமிடங்கள் கூடியது. முதுகு நன்கு தாங்கப்பட்ட நிலையில் அமர்வது 2.8 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதான்.

கதிரைக்கு நம்மைத் தெரியும். ஆனால் நமக்காக எழுந்து நடக்க அதனால் முடியாது. இக்கட்டுரையின் மையக் கருத்தும் இதுவே. ஒரு முறை சரியாக அமர்ந்துவிட்டால் போதும் என்பதைவிட, ஒரே நிலையில் நெடுநேரம் இராமல் மாறி மாறி இருப்பதே முதுகுக்குத் தேவை.

கதிரைக்குத் தெரியாத ஒன்று

பெற்றோர் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். ஒரு மாணவி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே அமர்கிறாள் எனக் கதிரை கண்டறியலாம். ஏன் சாய்கிறாள் என்பதை அது அறியாது. சோம்பலாக இருக்கலாம். மேசை உயரமாக இருக்கலாம். கண்பார்வை குறைந்ததால் புத்தகத்தின்மேல் கவிழ்ந்திருக்கலாம். அல்லது முள்ளந்தண்டே பக்கவாட்டில் வளைந்திருக்கலாம்.

இந்த வளைவை ஸ்கோலியோசிஸ் என்பர். பெரும்பாலும் பத்து வயதுக்குப் பின், வேகமாக வளரும் பருவத்தில் இது வெளிப்படுகிறது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெரிதாகும் வளைவுகள் ஆண்களைவிடப் பெண்களிலேயே மிக அதிகம். கூனி அமர்வதால் இது வருவதில்லை. ஆகவே “நேராக இரு” என்று ஏசுவதால் இது போவதுமில்லை. ஆரம்பத்தில் வலியும் இராது. ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு பக்கத் தோட்பட்டை துருத்தியிருத்தல், இடுப்பின் இரு பக்கங்களும் வேறுபட்டிருத்தல் என்பன இதன் அடையாளங்கள். கால்களைச் சேர்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு முன்னே குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நமது பிள்ளைகள் தளர்வான உடைகளை அணிவதால் இது வெளியே தெரிவதில்லை. உம்மாவோ மூத்த சகோதரியோ அவ்வப்போது கவனித்துக்கொள்வது நல்லது. நேரத்தோடு கண்டால் வளைவு கூடாமல் தடுக்க வழிகள் உண்டு.

அதுபோல, இரவில் நித்திரையைக் குழப்பும் வலி, காலுக்குப் பரவும் வலி, மரத்துப்போதல், காய்ச்சலோடு வரும் முதுகுவலி ஆகியவற்றைப் “படிக்கப் பஞ்சி” என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கதிரை இல்லாமலே கற்கலாம்

திறன்மிகு கதிரையை வாங்க எல்லோராலும் முடியாது. அதன் பின்னாலுள்ள அறிவுக்கு விலையில்லை.

முதலாவது, பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் காலடியில் ஒரு பலகையை வைத்துக்கொள்ளலாம். இடுப்பைக் கதிரையின் பின்புறம் வரை தள்ளி அமர்ந்து, நாரிக்குப் பின்னால் சுருட்டிய துவாய் ஒன்றை வைத்தால் இழந்த வளைவு திரும்பக் கிடைக்கும்.

இரண்டாவது, கண்ணைப் புத்தகத்திடம் கொண்டுபோகாமல் புத்தகத்தைக் கண்ணிடம் கொண்டுவர வேண்டும். டென்மார்க்கின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஏ. சி. மண்டல் பாடசாலைப் பிள்ளைகளின் அமர்வை ஆராய்ந்து, சாய்வான மேசைகளை வலியுறுத்தினார். தடித்த இரண்டு புத்தகங்களின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் நம் வீட்டு மேசையும் சாய்வான மேசையாகிவிடும். கைத்தொலைபேசியில் பாடம் பார்ப்போர் அதனைக் கண்மட்டத்துக்கு உயர்த்த வேண்டும்.

மூன்றாவதும் முக்கியமானதும் எழுந்திருப்பதாகும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து சற்று நடக்கலாம். தண்ணீர் குடிக்கலாம். மனனம் செய்ய வேண்டியவற்றை நடந்தபடியே சொல்லிப் பார்க்கலாம். படிக்கும்போது உம்மா குசினியிலிருந்து கூப்பிட்டால் நமக்கு எரிச்சல் வருவதுண்டு. விஞ்ஞானிகள் பெரும் செலவில் கதிரைக்குள் பொருத்திய சமிக்ஞை நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்று எண்ணி எழுந்து போகலாம்! பாடசாலைக்குப் பின் தனியார் வகுப்புகளில் முதுகுத்தாங்கி இல்லாத வாங்குகளில் நெருக்கி அமரும் மாணவியருக்கு இடைவேளையில் எழுந்து நிற்பது இன்னும் அவசியம்.

நான்காவது, விளையாட்டு. 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடங்கள் உடலை உழைக்கவைக்க வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பெண்பிள்ளைகளின் நேரசூசியில் முதலில் வெட்டப்படுவது இந்த 60 நிமிடங்களே. வலைப்பந்துத் திடலும் வீட்டு முற்றமும் படிப்புக்கு எதிரிகள் அல்ல. படிக்கும் உடலைத் தாங்குவது அவைதாம்.

ஆக்கும் கைகள்

தொழினுட்பப் பாடங்களைக் கற்கும் மாணவியர் இதனை ஒரு செயற்றிட்டமாகவும் செய்து பார்க்கலாம். விசையுணரும் நான்கு தடையிகள், ஒரு நுண்கட்டுப்படுத்தி, ஒரு சிறிய மின்குமிழ், ஒரு பழைய மெத்தை உறை ஆகியவை போதும். இடமும் வலமும் பாரம் வேறுபட்டால் மின்குமிழ் எரியும். அரை மணித்தியாலம் யாரும் எழாவிட்டால் அது மின்னத் தொடங்கும். அடுத்த விஞ்ஞான தினக் கண்காட்சியில் நமது கல்லூரி மண்டபத்தில் அத்தகைய கதிரை ஒன்று நின்றால், அதில் அமர்ந்து பார்க்க அதிபர் முதல் ஆறாம் தரப் பிள்ளைகள் வரை வரிசையில் நிற்பார்கள்.

தொழினுட்பம் நமது உடலை நமக்கே காட்டும் கண்ணாடியாகும். கண்ணாடியைப் பார்த்த பின் எழுந்து நடக்க வேண்டியவர்கள் நாம்தாம். இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் படிக்கவும் உழைக்கவும் குடும்பத்தைத் தாங்கவும் இந்த ஒரே முள்ளந்தண்டுதான் நம்மிடம் உண்டு. மாணவிகளே, இதை வாசித்து முடித்துவிட்டீர்களா? எழுந்து ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.