பதிவை அழிக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

கிளஸ்டர் உன் பொறுப்புக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று எழுந்துகொள்ளும். அதற்குத்தானே இவ்வளவு செலவு? நீ பயப்பட வேண்டியது இரண்டுக்கும் பொதுவான அந்த டிஸ்க்கை நினைத்துத்தான்.

என்டிஎஃப்எஸ், ஒரே சர்வர்தான் தன்னைக் கையாளும் என்று நம்பும் ஃபைல் சிஸ்டம். இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதினால், ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. காலி இடம் என்று நினைத்து ஒன்றின் மேல் மற்றொன்று எழுதிவிடும். அப்போதைக்கு எரர்கூட வராமல் போகலாம். தெரியவரும்போது பேக்கப்பிலும் கெட்ட டேட்டா ஏறியிருக்கும்.

இதைத் தடுக்க விண்டோஸ் சர்வர் 2008 முதல் ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் இருக்கிறது. கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு சர்வரும், அதாவது நோடும், ஸ்டோரேஜில் தன் கீயைப் பதிந்துகொள்ளும். டிஸ்க்கை வைத்திருக்கும் நோடு, தன் பதிவு இருக்கிறதா என்று 3 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். நோடுகளுக்கு இடையே தொடர்பு அறுந்தால், மற்ற நோடு அந்தப் பதிவை நீக்கிவிட்டு 6 விநாடி காத்திருக்கும். பழைய நோடு உயிரோடு இருந்தால் மறுபடி பதிந்துகொள்ளும்; வந்தவன் ஒதுங்கிக்கொள்வான். பதியாவிட்டால் டிஸ்க் கைமாறும். நெட்வொர்க்கை நம்பாமல் டிஸ்க்கிடமே கேட்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் பஸ் ரீசெட் வரை போக வேண்டியிருந்தது. பக்கத்து டிஸ்க்குகளுக்கும் அடி விழும்.

ஆனால் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு டிஸ்க் ஆஃப்லைனில் நிற்கும், மேனேஜர் லைனில் இருப்பார். ரிசர்வேஷனை அழிக்க பவர்ஷெல்லில் ஒரு வரி போதும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், போதும். ஆனால் மற்ற நோடு பவர் ஆஃப் ஆகிவிட்டதை ஐலோ, ஐடிராக் போன்ற ரிமோட் கன்சோலில் உன் கண்ணால் பார்க்காமல் அந்த வரியைத் தட்டாதே. பிங் வரவில்லை என்பது சாட்சியே அல்ல. நெட்வொர்க் மட்டும் போயிருக்கலாம், ஸ்டோரேஜுக்குப் போகும் ஃபைபர் வழியாக அந்த நோடு எழுதிக்கொண்டே இருக்கலாம். சர்வீஸ் ஒரு மணி நேரம் நின்றால் திட்டு வாங்கலாம், டேட்டா போனால் பதில் சொல்ல முடியாது.

லினக்ஸில் பேஸ்மேக்கர் கிளஸ்டர் வைத்திருப்பவர்களில் சிலர், பிடி விட்ட நோடைப் பவர் ஆஃப் செய்யும் ஸ்டோனித்தை டெஸ்டுக்காக அணைத்துவிட்டு அப்படியே புரொடக்‌ஷனுக்குப் போவார்கள். அந்தப் பழக்கம் உனக்கு வேண்டாம்.

கிளஸ்டரில் சேர்க்காத பொது டிஸ்க்குக்கு ரிசர்வேஷன் காவல் கிடையாது. சேர்க்கும்வரை ஒரே நோடில் மட்டும் ஆன்லைன் செய். கிளஸ்டர் வேலிடேஷன் டெஸ்ட் ஓட்டும் முன் ஸ்டோரேஜ் டீமிடம் காலியான சின்ன டிஸ்க் (லன்) ஒன்று கேட்டு வாங்கிக்கொள். ஓடும் டிஸ்க்கை அந்த டெஸ்டுக்குக் கொடுத்தால், முடியும்வரை அது ஆஃப்லைனில்தான் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்