மெடிச்சி மாளிகை

இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் மறுமலர்ச்சிக் காலக் கட்டடக் கலைக்குச் சான்றாக நிற்பது மெடிச்சி மாளிகை. வங்கித் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய கோசிமோ மெடிச்சி இதனை 1444-ஆம் ஆண்டு கட்டத் தொடங்கினார். புகழ்பெற்ற புரூனெலெஸ்கியின் திட்டம் ஆடம்பரமாக இருந்ததால், ஊராரின் பொறாமைக்கு அஞ்சி, மிக்கெலோட்சோவிடம் பணியை ஒப்படைத்தார் என்பர்.

மாளிகை மூன்று அடுக்குகள் கொண்டது. கீழ்த்தளத்தில் கோட்டை போன்ற கரடுமுரடான கற்கள். நடுத்தளத்தில் சமமாகச் செதுக்கிய கற்கள். மேல்தளத்திலோ வழவழப்பான சுவர். உள்ளே தூண்களும் வளைவுகளும் சூழ்ந்த சதுர முற்றம். சிற்றாலயச் சுவர்களில், குழந்தை இயேசுவைக் காணச் செல்லும் மூவரசர் பவனியைத் தீட்டியவர் பெனோட்சோ கோட்சோலி. அப்பவனியில் மெடிச்சி குடும்பத்தாரின் முகங்களும் உள்ளன!

கோசிமோவின் பேரன் லொரென்சோ, ஏறத்தாழ என் வயதே ஆன ஒரு சிறுவனை இம்மாளிகையில் தங்கவைத்துச் சிற்பக்கலை பயில உதவினார். அச்சிறுவனே மைக்கேல் ஆஞ்சலோ!

1494-இல் நகரத்தார் மெடிச்சி குடும்பத்தை விரட்டினர், செல்வம் பறிபோயிற்று. 1659-இல் மாளிகையும் ரிக்கார்டி குடும்பத்திற்கு விற்கப்பட்டது. எளிய வெளிச்சுவர் அவர்களைக் காக்கவில்லை. ஆனால் அவர்கள் ஆதரித்த கலை இன்றும் வாழ்கிறது. தோழியரே, சேர்த்தது போகும். கொடுத்தது நிற்கும் அன்றோ!