நீற்றறையும் திருவருட் சார்பும்

மதுரை மாநகரின் மேல்பால், தேனிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளதோர் இடம் காளவாசல் என வழங்கப்பெறுகின்றது. இந்நாளில் அது ஊர்திகள் இடையறாது செல்லும் நாற்சந்தி. மேம்பாலமும் அங்கே அமைந்துள்ளது. ஆயினும், காளவாசல், காளவாய் என்னுஞ் சொற்கள் செங்கலும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையைக் குறிப்பன என்பது தமிழறிந்தார் யாவர்க்கும் உடன்பாடு. அப்பெயரைக் கேட்குந்தோறும் சைவநன்மக்கள் உள்ளத்தே எழற்பாலது பிறிதொரு சூளையின் நினைவாம். அது திருநாவுக்கரசு சுவாமிகள் ஏழு நாள் அடைக்கப்பெற்றிருந்த நீற்றறை. இடர்க்காலத்தில் உயிர் எதனைச் சார்ந்து நிற்றல் வேண்டும் என்னும் வினாவுக்கு அந்நீற்றறையே தக்க விடையாதலின், அதனை முன்னிட்டு ஈண்டுச் சில ஆராய்வாம்.

நாவரசர் சைவந் திரும்பித் திருவதிகையில் எழுந்தருளியிருந்த காலத்தே, பல்லவ மன்னன் தன் அமைச்சரைச் சேனையோடு விடுத்து அவரை அழைப்பித்தான். அம்மன்னன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கிய முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. அவன்பால் நாடு இருந்தது, படை இருந்தது, தண்டிக்கும் உரிமையும் இருந்தது. சுவாமிகள்பால் இருந்தன திருநீறும் திருவைந்தெழுத்துமே. தாம் இறைவனுக்கன்றிப் பிறர்க்கு அடிமையல்லர் என்பதனை அவர் மறுமாற்றத் திருத்தாண்டகத்தால் அறிவித்தார். பின்னர், அமைச்சர் அஞ்சி வேண்ட, வருவன வருக, இறைவன் உளன் என்னுந் துணிவால் அவரோடு தாமே நடந்து சென்றார். இவ்விரண்டும் ஒருங்கு நோக்கற்பாலன. மன்னனுக்குப் பணியாமையும் அவருடையது. மன்னன் ஏவலரைப் பகையாமையும் அவருடையது. உலக வலியை நம்பினார்க்கு இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தல் அரிது. அவர் ஒன்றிற் பணிவர், அன்றேல் பகைப்பர்.

நீற்றறையுள் அவர் அருளிய திருக்குறுந்தொகைப் பதிகத்தை ஓதுவார் ஒன்று கருதுதல் வேண்டும். தம்மை அவ்வெப்பத்தினின்றும் விடுவிக்குமாறு வேண்டிய விண்ணப்பம் அப்பதிகத்தில் யாண்டும் இல்லை. இசையும் நிலவும் காற்றும் பொய்கையுமாகிய இனிய பொருள்களே திருவடி நிழலுக்கு உவமையாக அங்கே வருகின்றன. இறுதிக்கண், விறகினுள் நெருப்பும் பாலினுள் நெய்யும் மறைந்திருத்தல் போல இறைவன் மறைந்து நிற்கும் உண்மை உணர்த்தப்படுகின்றது. சூளையிற் புறத்தே எரிந்ததும் விறகின் நெருப்பே. அந்நெருப்பின் நடுவிருந்தவர் அதனைத் தமக்குப் பகையெனக் கொள்ளாது, இறைவனது இருப்பை உணர்த்தும் உவமையாகக் கொண்டார். கடைந்தாலன்றி நெருப்புந் தோன்றாது, நெய்யுந் திரளாது. ஆதலின், இறைவனை நம்புதல் என்பது வாளாவிருத்தலன்று, அன்பினாலும் உணர்வினாலும் இடையறாது கடைதலேயாம் என்பதும் அவ்வுவமையாற் பெறப்படும்.

இனி, சித்தாந்த நூன்முறையான் இதன் காரணம் ஆராய்வாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுதல் போல, உயிரும் தான் பற்றிய பொருளின் இயல்பைத் தனதாகக் கொள்ளும். யாதொரு சார்பும் இன்றித் தனித்து நிற்றல் அதற்கு ஒருகாலும் இயலாது. ஆகவே, கடவுளை நம்புவார் சிலர், எதனையும் நம்பாதார் சிலர் என்று உலகத்தார் பகுப்பது பொருந்தாது. யாவரும் ஒன்றை நம்பியே வாழ்கின்றனர். நம்பப்படும் பொருளே வேறுபடுகின்றது. செல்வத்தைச் சார்ந்தவன் செல்வத்தின் நிலையாமையைத் தன் உள்ளத்து நடுக்கமாகப் பெறுகின்றான். படையைச் சார்ந்தவன் அதனினும் பெரும்படையொன்றை எந்நாளும் அஞ்சுகின்றான். அழியாப் பொருளைச் சார்ந்தவன் அதன் அழியாமையைத் தன் அமைதியாகப் பெறுகின்றான். இன்பக்காலத்தே இவ்வேறுபாடு புலனாகாது. இடர் வந்துழியே எவர் எதனைச் சார்ந்திருந்தார் என்பது வெளிப்படும்.

இதற்கு மதுரையின் வரலாறே சான்றாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டின் வளம் உலகறிந்தது. மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து வழிப்போக்கர் அந்நாட்டு முத்தையும், கடல் கடந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய குதிரைகளையும் வியந்தெழுதினார். அத்துணைச் செல்வமும் படையும் 1310-ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகரன் இறந்தபின் அவன் மக்கள் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் என்பாரிடையே மூண்ட அரசுரிமைப் போரைத் தடுக்கவில்லை. 1311-ல் தில்லிச் சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூர் மதுரைமீது வந்தான். பாண்டியரை முதற்கண் வீழ்த்தியது வடநாட்டுப் படையன்று. உடன்பிறந்தாரிடையே எழுந்த யான், எனது என்னுஞ் செருக்கே வாயிலைத் திறந்துவைத்தது.

அவர்க்குப்பின் மதுரையில் அரசிருந்த சுல்தான்கள் நிலையும் அதுவே. அந்நூற்றாண்டின் நாற்பதுகளில் அங்கு வந்த இபின் பதூதா என்னும் வழிப்போக்கர், நகரிற் கொடிய கொள்ளைநோய் பரவி மக்கள் இரண்டு மூன்று நாளில் மாண்டதனைக் குறித்துள்ளார். வெஞ்சினத்தாற் குடிகளை நடுங்கச்செய்த சுல்தானும் அக்காலத்தே தன் மகனை இழந்து, தானும் நோயுற்று மடிந்தான். நோய் அவனைத் தண்டிக்க வந்ததென்று யாம் கூறேம். ஒரு பிழையும் செய்யாத ஏழையரும் அதனால் மாண்டனரன்றோ? அரண்மனை மதில் நோய்க்கு மதிலாகாது என்னும் அளவே ஈண்டுக் கொள்ளத்தக்கது. இவ்வரலாற்றைப் பிற சமயத்தார்மேற் பகை வளர்த்தற்கு எடுத்தாளுதலும் சித்தாந்திகட்கு முறையன்று. செருக்கு எவ்வுயிரினும் உள்ள மலமேயன்றி ஒரு சமயத்தார்க்கே உரிய குற்றமன்று.

அற்றேல், உலக வலி வீழ்ந்தது உண்மை. அருளும் அன்று துணைசெய்திலதே. ஆலவாய்த் திருக்கோயில் அரைநூற்றாண்டளவு வழிபாடின்றி அடைபட்டதன்றோ எனின், இவ்வினாவை மழுப்பிச் செல்லுதல் தகாது. அடியார்க்கு இடர் வாராது என்று நம் ஆசிரியர் எவரும் கூறிற்றிலர். எடுத்த உடம்பிற்குரிய வினைப்பயன் நுகர்ந்தே கழியற்பாலது. நாவரசரையும் இறைவன் நீற்றறையின் வாயிலில் தடுத்து நிறுத்தவில்லை. உள்ளிருந்த ஏழு நாளும் உடனிருந்தான். இடர் வாராமற் காத்தல் ஒன்றே அருளென்று கொள்வார் அருளை அளக்கும் கோலைத் தாமே செய்துகொண்டவராவர். இடரினுள் உயிர் தன் பணியை மறவாதவாறு தாங்கி நிற்பதும் அருளே. அதுவே பெரிதும் அருள்.

இதற்குச் சான்று வேண்டுவார், உமாபதி சிவாசாரியரை நினைக்க. அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தின்கண் சகம் 1235 என ஆண்டு குறிக்கப்பெற்றுள்ளது, அஃது 1313. மதுரை சூறையாடப்பெற்ற இரண்டாம் ஆண்டு அது. தமிழகம் எங்கும் அரசுகள் ஆட்டங்கண்ட அந்நாளில் ஓராசிரியர் அமர்ந்து பதி, பசு, பாசங்களின் இயல்பைத் தடைவிடைகளான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்காலத்து அரசர்தம் கருவூலங்கள் இன்று எங்குள்ளன என்று சொல்வாரில்லை. உமாபதியார் நூல்களோ இன்றும் திருமடங்கள்தோறும் பாடங் கேட்கப்படுகின்றன. மதுரையிலும், மூலலிங்கத்தை மூடி மறைத்துக் காத்த அடியார் சிலர் இருந்தனர் என்பது திருக்கோயில் மரபு. 1371-ஐ ஒட்டி விசயநகரத்துக் குமார கம்பணர் வந்து கருவறையைத் திறப்பித்தபோது, முன்னாள் சாத்திய சந்தனம் ஈரம் புலராதிருந்தது, விளக்கும் அவியாதிருந்தது என அம்மரபு கூறும்.

சந்தனம் என்றதும் மூர்த்தி நாயனாரை நினையாதிருத்தல் கூடுமோ? மதுரை வணிகர் குலத்தவராகிய அவர் ஆலவாயிறைவனுக்குச் சந்தனக்காப்பு அளித்தலையே தம் பணியாகக் கொண்டிருந்தார். வேற்று நாட்டினின்றும் வந்து மதுரையைக் கைப்பற்றிய மன்னன் சந்தனம் கிடையாவண்ணம் தடுத்தான். நாயனார் படை திரட்டவில்லை. பணியைக் கைவிடவும் இல்லை. சந்தனத்திற்கு முட்டு வந்தது, கைக்கு வந்திலதே எனத் தம் முழங்கையையே கல்லில் தேய்த்தார். இறைவன் தடுத்தருளினான். அன்றிரவே மன்னன் இறக்க, கண் கட்டி விடப்பெற்ற யானை நாயனாரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டது. இங்ஙனம் தேடாமலே உலக வலி அனைத்தும் அவர் கையில் வந்தது. அப்போது அவர் திருநீற்றையே முடிசூட்டு நீராகவும், கண்டிகையையே அணிகலனாகவும், சடையையே முடியாகவும் கொண்டு ஆண்டார். வலி இல்லாதபோது அருளைச் சார்தலினும், வலி கைவந்தபின் அச்சார்பை விடாமை அரிது. இவ்விரண்டும் நாயனார்பால் நிறைந்தன.

அங்ஙனமாயின், உலக முயற்சியும் கருவிகளும் வேண்டாவோ எனின், வேண்டும். உடல், கருவி, உலகு, நுகர்ச்சி என்பன மாயையினின்றும் இறைவன் உயிர்க்கு உதவியவை. நம் ஆசிரியர் மாயையை விடியுமளவும் உதவும் விளக்கோடு உவமிப்பர். இரவில் விளக்கை அவிப்பவன் அறிவிலி. விளக்கையே கதிரவன் என்பவனும் அறிவிலி. 2020-ஆம் ஆண்டு உலகெங்கும் பெருந்தொற்றுப் பரவியபோது, சித்திரைப் பெருவிழா வழக்கம்போல் நிகழ இயலாதாயிற்று. மே 4-ஆம் நாள் மீனாட்சியம்மை திருக்கல்யாணம் சிவாசாரியர் சிலரே உடனிருப்ப நடந்தேறியது. பல்லாயிரவர் தத்தம் இல்லத்திருந்தே கண்டு, பெண்டிர் தம் இல்லத்திலேயே மங்கல நாண் மாற்றிக்கொண்டனர். கதவடைத்து வீட்டிலிருந்தமை நம்பிக்கைக் குறைவன்று. பிறர் உயிரையும் இறைவன் உடைமையெனக் கருதும் அன்பேயாம். மருந்துண்க, மருத்துவரை நாடுக, அரசின் காவலையும் ஏற்க. இவையெல்லாம் என்னைக் காத்தன என்று மட்டும் எண்ணற்க; இவற்றின்வழி நின்று காத்தவன் ஒருவன் என்று எண்ணுக.

சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இதனையே உணர்த்தும். உயிர் இறைவனோடு ஒன்றித் தன் செயலற்று அவன் பணியின்கண் வழுவாது நிற்குமாயின், மலமும் மாயையும் வினையும் அதனைத் தாக்கமாட்டா. தன் செயலறுதல் என்பது செயலை விடுதலன்று, தன்னை விடுதல். கைகள் சந்தனம் அரைக்கும். அரைப்பவன் யான் என்பது மாத்திரம் அங்கே இராது. இடர் நேர்ந்தபோது நாம் செய்யற்பாலதும் எளிதே. நேற்றுச் செய்த பூசையை இன்றுஞ் செய்க. நேற்று ஓதிய ஐந்தெழுத்தை இன்றும் ஓதுக. நேற்று ஈந்த பிடிசோற்றை இன்றும் ஈக. அச்சத்தால் ஒன்றையும் கூட்டற்க. அச்சத்தால் ஒன்றையும் குறையற்க.

காளவாசலில் வெந்த கல் தன் வன்மை இழக்கின்றது; நீர் தெளித்தவழி நீறாகின்றது. அந்நீறே பின்னர்ச் சுதையாகிக் கோபுரத்தின் உருவங்களைத் தாங்கி நிற்கின்றது. கல்லாய்க் கிடந்தபோது இயலாத பணி, நீறானபின் அதற்கு வாய்த்தது. நம் செருக்கும் இடரென்னுஞ் சூளையில் நீறாகி, இறைபணிக்கு உதவுமாறு திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.