வரலாற்றுப் புதினமும் மாஸ்கோவில் காத்திருந்தோரும்

வரலாற்றுப் புதினம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அரண்மனையும் போர்க்களமும், குதிரைமீது விரையும் வீரனும் ஆகும். முடியணியாத உழவர் குடும்பங்களை வைத்து வரலாற்றுப் புதினம் படைக்க இயலுமா? இயலும் என்பதே என் கருத்து. ரஷ்யாவில் வாழ்ந்த ஜெர்மானியக் குடிகளின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இதனைக் காண்போம்.

ஜெர்மானியக் குலத்தில் பிறந்து ரஷ்யப் பேரரசியான இரண்டாம் காதரின், 1763ஆம் ஆண்டில் அயல்நாட்டாரைக் குடியேற அழைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். வருவோர்க்கு நிலம், வரிவிலக்கு, சமய உரிமை, படைப்பணியிலிருந்து விடுதலை ஆகியன வாக்களிக்கப்பட்டன. வால்கா ஆற்றங்கரையிலும், பின்னர்க் கருங்கடலை அடுத்த சமவெளியிலும் ஜெர்மானிய ஊர்கள் எழுந்தன. ஆனால் 1871இல் சலுகைகள் நீக்கப்பட்டன; 1874இல் கட்டாயப் படைப்பணி வந்தது. போரை மறுப்பதைச் சமயநெறியாகக் கொண்ட மென்னோனைட் பிரிவினருள் பலர் அமெரிக்காவிற்கும் கனடாவிற்கும் கப்பலேறினர். அவர்கள் கொண்டுசென்ற செங்கோதுமை கான்சாஸ் மாநிலத்தில் வேரூன்றிய செய்தி, தாவரவியல் மாணவனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி தருவது.

புதினத்திற்குரிய கரு 1929இல் கிடைக்கிறது. சோவியத் அரசு நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக மாற்றத் தொடங்கியதும், ஏறத்தாழ 13,000 ஜெர்மானியர், பெரும்பாலும் மென்னோனைட்டுகள், உடைமைகளை விற்றுவிட்டு மாஸ்கோவின் புறநகர்க் கோடைவீடுகளில் வந்து தங்கினர். கனடா செல்வதே அவர்கள் நோக்கம். வேண்டியது வெளியேற அனுமதி. கனடா தயங்கியது. ஜெர்மனி இசைவளிக்கும் முன்னரே அதிகாரிகள் பலரைச் சரக்கு ரயில்களில் ஏற்றித் திருப்பியனுப்பத் தொடங்கினர். ஏறத்தாழ 5,700 பேர் மட்டுமே வெளியேற முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1941 ஆகஸ்டு 28ஆம் நாள் ஆணைப்படி, வால்கா ஜெர்மானியர் சைபீரியாவிற்கும் கசகஸ்தானுக்கும் நாடு கடத்தப்பட்டனர்.

இங்கேதான் புதின ஆசிரியருக்குச் சோதனை எழுகிறது. நமக்கு 1941 தெரியும். 1929இல் பெட்டியின்மேல் அமர்ந்திருக்கும் தாய்க்கு அது தெரியாது. இருக்கும் ரொட்டி எத்தனை நாளைக்கு வரும், குழந்தையின் இருமல் தணியுமா என்பனவே அவள் கவலைகள். ஆசிரியர் தம் அறிவை அவளுக்கு இரவல் கொடுத்தால், அவள் தாயாக இராமல் குறிசொல்பவள் ஆகிவிடுவாள். அதுபோலவே, ஊரிலேயே தங்கிவிட்டவர்களை அறிவிலிகள் என்றும் காட்டலாகாது. முதிய பெற்றோரை விட்டுவர மனமின்றித் தங்கியோர் இருந்திருக்கமாட்டார்களா? அனுமதி மறுக்கும் எழுத்தருக்கும் அஞ்சுவதற்கு ஒரு மேலதிகாரி உண்டு. இவர்கள் அனைவருக்கும் நீதி வழங்குவதே சிறந்த புதினம்.

எங்கள் குடும்பத்தில் விண்ணப்பம் ஒன்றைத் தன் கையால் எழுதிய முதல் ஆள் நான். ஒரு முத்திரைக்காக அலுவலக வாயிலில் நிற்பவர், உள்ளிருப்பவரின் முகத்தை எவ்வாறு படிப்பார் என்பதை என் தந்தையிடம் கண்டிருக்கிறேன். ஆதலால் அந்தத் தாயை அறிந்துகொள்ள எனக்கு ஜெர்மன் மொழி தேவைப்படவில்லை.

1980களின் இறுதியில் கதவு திறந்தபோது இலட்சக்கணக்கானோர் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தனர். மாஸ்கோவில் காத்திருந்த தலைமுறையினருள் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர். ஆணைகளையும் ஆண்டுகளையும் வரலாற்று நூல் நமக்குத் தரும். அவற்றிற்கு இடையே மக்கள் கழித்த ஒவ்வொரு நாளையும் உணர்த்துவது புதினத்தின் கடமையாகும்.