முதலில் எதைப் பழகுவது?

புக்கிட் தெங்காவில் வாழும் படிவம் நான்கு மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். பள்ளி முடிந்து வீடு திரும்பி, உணவருந்தி, மாலையில் பிரத்தியேக வகுப்புக்குப் புறப்படும் முன் அவளுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். வரவேற்பறையின் ஓரத்தில், உறவினர் ஒருவர் கொடுத்த கீபோர்டு இருக்கிறது. பெரிய பியானோவுக்கு 88 கட்டைகள், இதற்கு 61. வரிசை வீடு என்பதால் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தராமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கிறாள். மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம். அன்று அவளுடைய வகுப்புத் தோழியர் அறுவர் மேடையில் ஒரு பாட்டுப் பாடப் போகிறார்கள். "பின்னணி இசையை நான் வாசிக்கிறேன்" என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

முதல் மூன்று வாரங்கள் உற்சாகமாகவே கழிந்தன. திங்களன்று சுரவரிசை, செவ்வாயன்று இசைக்குறியீடு, புதனன்று வலையொளியில் பார்த்த ஒரு திரைப்பாடலின் மெட்டு, வியாழனன்று இன்னொரு பாடலின் தொடக்க இசை, வெள்ளியன்று வேகமாக விரலோட்டும் பயிற்சி. ஒருநாள்கூட அவள் பயிற்சியைத் தவறவிடவில்லை. ஆயினும் மூன்றாம் வார முடிவில், ஒரு பாட்டைக்கூட முதலிலிருந்து கடைசிவரை அவளால் வாசிக்க இயலவில்லை. 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்னும் பழமொழி அவளுக்கு முற்றிலும் பொருந்திவிட்டது.

அவளிடம் குறைந்தது உழைப்பன்று. எதை முதலில் பழகுவது, எதைப் பிறகு பழகுவது என்னும் முன்னுரிமையே அவளிடம் இல்லை.

இசைத் தேர்வு எழுதுவோருக்கு இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பின் பியானோ செய்முறைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். மொத்தப் புள்ளிகள் 150. மூன்று இசைப்படைப்புகளுக்குத் தலா 30, சுரவரிசைக்கு 21, பார்த்தவுடன் வாசித்தலுக்கு 21, செவித்திறனுக்கு 18 எனப் புள்ளிகள் பிரிக்கப்பட்டுள்ளன. எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்பதை அந்தப் பட்டியலே உணர்த்திவிடும். ஆனால், திரைப்பாடல், மெல்லிசைப் பாடல் ஆகியவற்றைத் தானே கற்க முனைபவருக்கு அப்படிப்பட்ட பட்டியலை யாரும் தருவதில்லை. அதை அவரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி வகுப்பது? ஒரே ஒரு கேள்வி போதும்: "இதை நான் தவறவிட்டால் பாட்டு நின்றுவிடுமா?"

நம் மாணவி இக்கேள்வியைத் தன்னிடமே கேட்டுப் பார்க்கிறாள். மேடையில் ஒரு கட்டையைத் தவறாக அழுத்திவிட்டால் என்ன ஆகும்? ஒரு நொடி காதில் உறுத்தும்; பாட்டு தொடரும். தவற்றைத் திருத்துவதற்காக அவள் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் என்ன ஆகும்? அறுவரும் தடுமாறுவார்கள். ஆகவே தாளம் தவறாமையே முதலிடம் பெறுகிறது. அடுத்து, பாட்டுக்குத் துணைநிற்கும் பின்னணிச் சுரங்கள். அவை இல்லாவிட்டால் பாடுவோருக்குச் சுருதியில் பிடிப்பு இருக்காது. அதற்கடுத்தது மெட்டு. மெட்டைத்தான் தோழியர் பாடப் போகிறார்களே! அதைக் கீபோர்டில் வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. அழகுக்காகச் சேர்க்கும் விரலோட்டங்கள் கடைசி இடத்துக்குப் போய்விடுகின்றன. மூன்று வாரங்களாக அவள் மிகுந்த நேரத்தைச் செலவிட்டது கடைசி இரண்டிலும்தான்.

தாளத்தை முதலில் வைப்பது தொடக்கநிலைக் கற்றலுக்கு மட்டும் உரிய எளிய வழியன்று. சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் 2019ஆம் ஆண்டு, தமது 13ஆம் வயதில், அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நடத்திய 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் வென்று ஒரு மில்லியன் டாலர் பரிசு பெற்றார். அப்போட்டியில் ஒரே படைப்பை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டுகள், பிறகு 325 தட்டுகள் என்னும் வேகத்தில் பியானோவில் வாசித்து அரங்கை வியக்க வைத்தார். அவர் பியானோவுக்கு வந்தது பிறகுதான். சின்னஞ்சிறு வயதில் முதலில் பயின்றவை தாளக் கருவிகள். விரல்கள் விரைவதற்கு முன்பே தாளம் அவருள் ஊறியிருந்தது.

இனி, பின்னணிச் சுரங்களைப் பார்ப்போம். கீபோர்டில் கருப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் அமைந்திருக்கும். இரட்டைக் கருப்புக் கட்டைகளை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டையை மேற்கத்திய இசையில் 'சி' என்பர். அதைச் 'ச' எனக் கொண்டால், அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் ரி, க, ம, ப, த, நி என அமையும். இது சங்கராபரண இராகத்தின் சுரவரிசையே ஆகும். மூன்று சுரங்களை ஒருசேர அழுத்தும்போது பிறக்கும் கூட்டொலியைக் 'கார்ட்' என்பர். தோழியர் தேர்ந்தெடுத்த பாட்டு நான்கே கார்டுகளில் சுற்றிச் சுற்றி வருகிறது எனக் கொள்வோம். 1950ஆம் ஆண்டுகளின் ஆங்கில மெல்லிசைப் பாடல்கள் பலவற்றில் அந்த நான்கையும் இதே வரிசையில் கேட்கலாம்:

சி: ச, க, ப
ஏ மைனர்: ச, க, த
எஃப்: ச, ம, த
ஜி: நி, ரி, ப

ஜி கார்டில் வரும் நி, ச-வுக்கு இடப்பக்கத்தில் உள்ளது. இந்த நான்கு கார்டுகளில் ஏழு சுரங்களும் அடங்கிவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

இப்போது விரல்களின் நகர்வை ஆராய்வோம். முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குச் செல்ல ஒரு விரல் மட்டும் ப-விலிருந்து த-வுக்கு நகர்ந்தால் போதும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் ஒரு விரல்தான், க-விலிருந்து ம-வுக்கு. நான்காவதிலிருந்து மீண்டும் முதலாவதற்கு வரும்போது ப அப்படியே நிற்க, இரு விரல்கள் நகர்கின்றன. மூன்றாவதிலிருந்து நான்காவதற்குச் செல்லும் இடத்தில் மட்டும் மூன்று விரல்களும் ஒரே நேரத்தில் இடம் மாற வேண்டும். நம் மாணவி ஒவ்வொரு முறையும் தயங்கி நின்றது அந்த ஓரிடத்தில்தான். ஆனால், அவள் ஒவ்வொரு முறையும் பாட்டைத் தொடக்கத்திலிருந்தே வாசித்து வந்தாள். அதனால் எளிய இடங்கள் மேலும் மேலும் எளிதாயின. கடினமான இடம் கடினமாகவே இருந்தது.

நாம் பலரும் செய்யும் பிழை இதுதான். தெரிந்ததைத் திரும்பச் செய்வது இன்பமாக இருக்கிறது. அதையே பயிற்சி என்று எண்ணிவிடுகிறோம். ஸ்வீடனில் பிறந்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய குழுவினரும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிற்காலத்தில் அந்த ஆய்வு 'பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எவரும் வல்லவராகலாம்' என்னும் பேச்சாகச் சுருங்கிப் பரவியது. எரிக்சன் அதை ஏற்கவில்லை. மணிக்கணக்கு மட்டும் போதாது. தன் குறையைக் கண்டறிந்து, அதன்மேல் முழுக் கவனத்தையும் செலுத்தி, பலனைச் சரிபார்த்துக்கொண்டே பழக வேண்டும் என்பதே அவர் வலியுறுத்திய கருத்து.

நம் மாணவி கணக்கிடுகிறாள். மீதமிருப்பவை பன்னிரண்டு வாரங்கள். வாரத்திற்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றால் மொத்தம் 30 மணி நேரம். அகலக்கால் வைத்தால் இது போதாது; ஒரே பாட்டுக்கு இது தாராளம்.

அவள் அந்த அரை மணி நேரத்தை இவ்வாறு பிரித்துக்கொள்கிறாள். முதல் ஐந்து நிமிடம், எஃப் கார்டிலிருந்து ஜி கார்டுக்கு மாறும் அந்த ஓரிடம் மட்டும். அடுத்த பத்து நிமிடம், நான்கு கார்டுகளும் சுழற்சியாக, மெட்ரோனோம் தட்டுக்கு ஏற்ப. நிமிடத்துக்கு 60 தட்டுகளில் தொடங்கி, தடுமாற்றம் இல்லாதபோது மட்டும் வேகத்தைச் சற்றுக் கூட்டுகிறாள். அதற்கடுத்த பத்து நிமிடம், வாய்க்குள் பாடிக்கொண்டே பாட்டு முழுவதும். இந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு விதி உண்டு: எந்தப் பிழை நேர்ந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தாமல் கடந்து செல்வதும் ஒரு திறன். அதையும் பழகித்தான் பெற வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் விருப்பம்போல் எதையும் வாசிக்கலாம். மகிழ்ச்சி இல்லாத பயிற்சி நெடுநாள் நிலைக்காது அல்லவா?

வாரங்களுக்கும் அவள் வரிசை வகுக்கிறாள். முதல் நான்கு வாரங்கள் வலக்கைக்கு மட்டும். அடுத்த நான்கு வாரங்களில் இடக்கை சேர்கிறது; ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு கீழ்ச்சுரம். அக்காலத்திலேயே தொடக்கத்தையும் முடிவையும் பழகுகிறாள். தோழியர் எப்போது பாடத் தொடங்குவது என்பதை அறியத் தொடக்க இசை வேண்டும். எங்கே முடிப்பது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கடைசி நான்கு வாரங்கள் தோழியரோடு சேர்ந்து ஒத்திகை.

இவற்றோடு, முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. தோழியரின் குரலுக்குச் சுருதியைச் சற்று ஏற்றவோ இறக்கவோ நேரிடலாம். கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. விரல்கள் அதே கட்டைகளில் இருக்க, ஒலி மட்டும் மாறும். சாதாரணப் பியானோவில் அந்த வசதி இல்லை. ஆகவே, மேடைக்குத் தன் கீபோர்டையே கொண்டு செல்லலாமா என்பதை அவள் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிகிறாள். எதை முதலில் பழகுவது என்பதைப் போலவே, எதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதும் முன்னுரிமையே.

"சுரவரிசையையும் இசைக்குறியீட்டையும் விட்டுவிட்டால் அடித்தளம் பலவீனமாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இசைஞானி இளையராஜாவின் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது. இளம் வயதில் அவர் தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தார். மக்கள் முன் பாட்டு நிற்காமல் ஓட வேண்டும் என்பதே அப்போதைய தேவை. பின்னர்ச் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் அதன் குறியீட்டு முறையையும் முறையாகப் பயின்றார். 1976ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' வெளிவந்தபோது இரண்டு கல்வியும் அவருக்குக் கைகொடுத்தன. ஒன்றைப் பிறகு வைப்பது வேறு, அடியோடு விட்டுவிடுவது வேறு.

பினாங்குக்கும் இவ்வகை இசை புதிதன்று. 'புத்ரா புத்ரி' என்னும் நாட்டுப்பற்றுப் பாடலை இயற்றிய ஜிம்மி பாய்ல், பினாங்கைச் சேர்ந்த ஜாஸ் பியானோக் கலைஞர். ஜாஸ் கலைஞர்கள் பலர் தம் முன் வைத்துக்கொள்ளும் தாளில் மெட்டும் அதன்மேல் கார்டுகளின் பெயர்களும் மட்டுமே இருக்கும். மற்றவற்றை அவர்கள் அங்கேயே கற்பனையால் நிரப்புவார்கள். நம் மாணவி இன்று பழகும் நான்கு கார்டுகள் அந்தப் பரந்த உலகிற்குச் செல்லும் முதல் படியே.

தள்ளிப்போடக் கூடாதது ஒன்றும் உண்டு. அது உடலைப் பேணுதல். தோள் தளர்ந்து, மணிக்கட்டு நேராக, விரல்கள் இலேசாக வளைந்திருக்க வேண்டும். கை வலித்தால் உடனே ஓய்வு தர வேண்டும். தவறான அமர்வு பழகிப்போனால், அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

ஆசிரியர் தினத்தன்று நம் மாணவி வேகமாக விரலோட்டி யாரையும் வியக்க வைக்கமாட்டாள். ஒருவேளை ஓரிடத்தில் தவறான கட்டையைக்கூட அழுத்தக்கூடும். ஆனால், அவள் கை நிற்காது. அறுவரும் நம்பிக்கையோடு பாடி முடிப்பார்கள். அவள் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படும். மறுநாள் மாலை, அதே அரை மணி நேரத்தில், ஒதுக்கி வைத்திருந்த சுரவரிசையை அவள் எடுக்கலாம். அப்போது முன்னுரிமை மாறியிருக்கும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு நாளில் அத்தகைய அரை மணி நேரம் கிடைக்கலாம். அது இசைக்காக இருக்கலாம்; எஸ்.பி.எம். தேர்வுக்கான கணிதமாக இருக்கலாம். பந்து விளையாட்டாகவும் இருக்கலாம். தொடங்கும் முன், நீங்கள் அடிக்கடி தடுமாறி நிற்கும் இடம் எது என்று தேடுங்கள். அந்த இடத்திலிருந்தே அன்றைய பயிற்சியைத் தொடங்குங்கள்.