பெயர் மாறலாம், பணி மாறக்கூடாது

சிராங்கூன் சாலையில் உள்ள சந்தையைத் தமிழர்கள் நெடுங்காலமாகத் ‘தேக்கா’ என்றே அழைத்து வருகின்றனர். மூங்கில்களின் அடி என்னும் பொருள்தரும் ஹொக்கியன் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் சந்தை சாலையின் எதிர்ப்புறத்திற்கு மாறியபோது, அச்சொல்லின் மாண்டரின் வடிவமான ‘சூஜியாவ்’ என்பது புதிய கட்டடத்தின் பெயராயிற்று. பலருக்கு அது வாயில் நுழையவில்லை. ஆகவே, 2000ஆம் ஆண்டில் அது ‘தேக்கா நிலையம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. பெயர்ப்பலகை மாறினாலும் சந்தையின் வேலை மாறவில்லை.

மென்பொருளை எழுதும் நிரலாளர்களும் இத்தகைய பெயர்மாற்றங்களைச் செய்கின்றனர். ‘ஜிடிபி’ என்னும் பிழைதிருத்தியை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இடையில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது காட்டும். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அது உதவும். 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கிய அதனைப் பல நாட்டு நிரலாளர்கள் இன்றும் மேம்படுத்தி வருகின்றனர்.

இவ்வளவு காலம் வாழும் மென்பொருளில், ஒருவர் வைத்த பெயரை வேறொருவர் பல ஆண்டுகள் கழித்துப் படிக்கிறார். ‘கோப்பைத் திற’ என்று பெயரிடப்பட்ட பகுதி, இப்போது கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது என வைத்துக்கொள்வோம். பெயரை நம்பும் புதியவர் தவறு செய்வார். ஆகவே, நிரலாளர்கள் பெயர்களைத் திருத்தி, உட்பகுதிகளை ஒழுங்குபடுத்துகின்றனர். இதுவே மறுசீரமைப்பு.

இப்பணியில் ஆபத்தும் உண்டு. ஒரு பெயர் நூறு இடங்களில் வந்தால், நூறிலும் மாற வேண்டும். விடுபட்ட ஓரிடம் சில வேளைகளில் உடனே தெரியும். சில வேளைகளில் ஒருவர் அந்த வசதியைப் பயன்படுத்தும்வரை மறைந்திருக்கும். பிழை தேடும் கருவியே பிழையான தகவலைக் காட்டினால், அதை நம்பியவர் இல்லாத தவறைத் தேடி அலைவார்.

எனவே, அனுபவமுள்ளோர் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றுவதில்லை. சிறிது மாற்றுவர், சோதிப்பர், பிறகே அடுத்ததைத் தொடுவர். பெயரை மாற்றும்போது புதிய வசதி எதையும் சேர்க்கமாட்டார்கள். நிரலை நிறுத்தப் பயனர் இடும் ‘பிரேக்’ என்னும் கட்டளை, நேற்றுப்போலவே இன்றும் இயங்க வேண்டும்.

இந்த உழைப்பு பயனரின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், நாளை அந்த நிரலைத் திறக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கு அது வழிகாட்டும்.