தேகம் தேற எந்த ஆகாரம்? அரிசி தரும் பாடம்

கோலா சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் முதலிய இடங்களில் நம்மவர் நடத்தும் மளிகைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் அரிசி விற்காத நாள் இல்லை. ஆயினும் மெலிந்த தேகமுடைய நம் வாலிபர்கள், எடை கூட வேண்டுமென்று விலையுயர்ந்த மாவு டின்களைத் தேடுகிறார்கள். உடல் தேறுவது வேறு, ஊதுவது வேறு. இவ்வேற்றுமையை அறிந்துகொள்வது நமது நலத்துக்கும் நமது வியாபாரத்துக்கும் நல்லது.

சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், சீனி இவற்றில் மிகுதியாயிருப்பது மாவுச்சத்தும் சர்க்கரையுமே. இவற்றில் ஒரு கிராம் 4 கலோரி சக்தியைத் தரும். அதில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் சேமிப்பாகத் தசைகளில் தங்குகிறது. பளுவான வேலையின்போது தசை செலவிடுவது பெரிதும் இச்சேமிப்பையே. தசையைக் கட்டுவது புரதம்தான். ஆனால் மாவுச்சத்து போதாவிட்டால் உடல் அப்புரதத்தையே விறகாக எரித்துவிடும். அன்றாடச் செலவுக்குப் பணமில்லாத கடைக்காரர் முதலில் கைவைப்பது போன்றதே இது.

அப்படியானால் எந்த மாவுச்சத்தும் போதுமா? போதாது என்பதை உலகுக்கு உணர்த்திய இடங்களில் நமது கோலாலம்பூரும் ஒன்று. அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பலரை மாய்த்தது. வயிறு நிறைய உண்டவர்களுக்கும் கால் மரத்தது, தசை வற்றியது, சிலருக்கு உடல் வீங்கி இருதயம் ஓய்ந்தது. தீட்டிய சயாம் வெள்ளரிசியை உண்ட தொழிலாளர்கள் இதில் பெரிதும் அவதியுற்றனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை இந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. இதை டாக்டர் பிராடன் கவனித்து, 1907ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

டாக்டர் பிளெட்சர் 1905ல் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இதைச் சோதித்தார். ஏறத்தாழ 120 பேருக்கு வெள்ளரிசி, ஏறத்தாழ அதே தொகையினருக்குப் புழுங்கலரிசி என்று வழங்கிவந்தார். வெள்ளரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அரிசியில் ஏதோ நஞ்சு உண்டென்று பிராடன் எண்ணியிருந்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும், தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறைவே காரணம் என்று காட்டினர். அச்சத்து வைட்டமின் பி1. 1926ல் பத்தாவியாவில் அதை அரிசித் தவிட்டிலிருந்தே பிரித்தெடுத்தார்கள்.

மாவுச்சத்தை உடல் சக்தியாக மாற்றுவதற்கு இந்த பி1 வேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலிலுள்ள சத்தில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் அது முற்றும் போய்விடாது. நம் முன்னோர் வழக்கத்தில் இருந்த நன்மை இதுவே.

ஆகவே எடை கூட விரும்புவோர் கைக்கொள்ள வேண்டியவை:

1. புழுங்கலரிசி, கைக்குத்தலரிசி, கேழ்வரகு, முழுக்கோதுமை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றை முதலிடத்தில் வையுங்கள்.

2. அரிசியைப் பல தடவை அலசாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். பி1 நீரில் கரைந்து போகும்.

3. சோற்றோடு பருப்பு, மீன், முட்டை, இறைச்சி ஏதேனும் சேரட்டும். அரிசி, பாசிப்பருப்பு, இறைச்சி மூன்றும் கலந்த நமது நோன்புக் கஞ்சி இதற்கு நல்ல உதாரணம்.

4. மூட்டை தூக்குதல், தண்டால் போன்ற பளுவான பயிற்சி வேண்டும். உழைப்பின்றி மிகுதியாக உண்பது கொழுப்பாகவே சேரும்.

5. வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை கூடினால் போதும். அவசரம் வேண்டாம்.

சீனியும் இனிப்பு டின் பாலும் மிகுந்த தே தாரிக் எடையைக் கூட்டலாம். ஆனால் அதுமட்டும் தசையைக் கட்டாது. 2019ல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காணப்பட்டது. நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்திருக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். புழுங்கல் சோறாயினும் அளவு மீறலாகாது. உண்பதிலும் பருகுவதிலும் மிதம் நமது மார்க்கம் கற்பித்த ஒழுங்கன்றோ! நீரிழிவு உடையவர்கள் ஆகாரத்தை மாற்றுமுன் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம்.

வியாபாரிகளுக்கு மேலும் ஒரு கடமை உண்டு. வாடிக்கைக்காரர் நமது சொல்லை நம்பிப் பொருள் வாங்குகிறார். "எடை கூட என்ன வாங்கலாம்?" என்று கேட்டுவரும் தோட்டத்துப் பிள்ளையிடம், லாபம் மிகுந்த டின்னை எடுத்து நீட்டுவது எளிது. அரிசியும் பருப்பும் முட்டையும் போதும் என்று சொல்வதில் லாபம் குறைவே. ஆயினும் அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதைக் காத்து நடக்கும் நல்லெண்ணத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.